மந்தை நாய் ஆட்டை ஓட்டுமா?

(சோழவந்தான் வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்)

கேள்வி: தென்கரைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் முப்பது செம்மறியும் இருக்கின்றன. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்துக்காரர்கள் வயலில் ஆட்டுக் கிடை போட வருவார்கள். போன முறை அவர்களோடு ஒரு நாய் வந்தது. மந்தை நாய் என்றார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அப்படி ஒன்று வளர்க்க ஆசை. வெளிநாட்டு நாய்கள் விசில் சத்தத்துக்கு ஆடுகளை மடக்கி ஓட்டிவருவதை செல்போனில் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படிச் செய்யுமா? எப்படிப் பழக்குவது?

பதில்: செய்யாது. செய்ய வைக்கவும் முயல வேண்டாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பார்டர் கோலியாக இருக்கும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில் உருவான இனம் அது. தரையோடு பதுங்கி, ஆட்டை முறைத்துப் பார்த்தே நகர்த்தும். நம் ஊரில் அந்த வேலையை ஆடு மேய்க்கும் கீதாரியே செய்துவிடுகிறார். அவர் குரலும் கையிலுள்ள கம்பும் போதும். நாய்க்கு உள்ள வேலை ராத்திரியில். கிடையின் ஓரத்தில் படுத்துக்கொள்ள வேண்டும், அந்நிய வாடை அடித்தால் குரைக்க வேண்டும், வந்தது நரியோ திருடனோ எதிரில் போய் நிற்க வேண்டும். ஓட்டும் நாய் வேறு, காக்கும் நாய் வேறு. துருக்கியின் கங்கல், இமாச்சலத்தின் கத்தி (Gaddi) இடையர்கள் வளர்க்கும் கத்தி நாய் எல்லாம் காக்கும் வகை. சிறுத்தை முதலில் கழுத்தைத்தான் கவ்வும் என்பதால் கத்தி நாய்க்கு முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டி மேய்ச்சலுக்கு அனுப்புவார்கள். மந்தை நாயையும் நான் இந்த வகையில்தான் வைப்பேன்.

ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் காணப்படும் நாய் இது. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களைப் போல ஒல்லியாக, ஓடுவதற்கென்றே செய்த உடம்பு அல்ல. எலும்பு கனமானது, நெஞ்சு ஆழமானது, தலை அகலமானது, முடி குட்டை. காவலோடு வேட்டைக்கும் போய்க்கொண்டிருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. மிஞ்சியது கிடைக் காவல். தரிசும் புறம்போக்கும் மனைகளாகிக் கிடை குறையக் குறைய அந்த வேலையும் சுருங்கி வருகிறது. நாய் அரிதாகிப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி வளர்ப்பு. இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுவந்த அன்றே பட்டியில் விடுங்கள். வீட்டுத் திண்ணையில் வேண்டாம். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து நான்கு மாதம் வரைதான் 'யார் நம்மவர்' என்பது மனதில் பதியும். அந்தக் காலத்தில் ஆட்டின் வாடையும் சத்தமும் சூடும் கூடவே இருக்க வேண்டும். பட்டிக்குள் ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்து அதில் குட்டியை வையுங்கள். ஆடுகளும் அதுவும் வலை வழியே மோந்து பழகட்டும். சில நாள் கழித்து, நீங்கள் பக்கத்தில் நிற்க, சாதுவான கிழட்டுப் பெட்டை ஆடு இரண்டோடு விடுங்கள். முட்டுகிற கிடாயிடம் ஆரம்பத்திலேயே விட்டால் குட்டி பயந்துபோகும். சாப்பாட்டைப் பட்டியிலேயே வையுங்கள். தினமும் தொட்டு, பல்லையும் காதையும் பார்த்து, கயிற்றில் நடத்திப் பழக்குங்கள். ஆனால் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையாக ஆக்கிவிடாதீர்கள். ஆக்கினால் அது வீட்டையே காக்கும், பட்டியை மறந்துவிடும்.

ஐந்தாறு மாதம் ஆனதும் இளமைத் துடுக்கில் ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடித்து இழுக்கும். சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நொடியிலேயே அதட்டிப் பிடித்துக் கட்டுங்கள். அடி வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயது வரை அதை நம்பிப் பட்டியைத் தனியே விடக் கூடாது. வேலை தெரிந்த வளர்ந்த நாய் ஒன்று உடன் இருந்தால் பாதிப் பாடத்தை அதுவே நடத்திவிடும். பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, ராத்திரி மட்டும் அவிழ்த்துவிடுவது நம் ஊர் வழக்கம். அப்படி வளர்ந்தது எதைக் கண்டாலும் கடிக்கும் நாயாகத்தான் நிற்கும்.

கேள்வி: குட்டி விற்பவர்கள் அசல் என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் 2020இல் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்தின் முதோல் நாயையும் பதிவு செய்தது. அந்தப் பட்டியலில் மந்தை நாய் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். நாட்டு நாய்களுக்குக் கிராக்கி கூடியது. வியாபாரமும் கூடியது. பருமனைக் காட்டி விலை ஏற்றக் கிரேட் டேன் ரத்தம் கலப்பவர்கள் உண்டு. எனவே காகிதத்தை நம்பாதீர்கள், தாயைப் பாருங்கள். அது கிடையில் வேலை செய்கிற நாயா, ஆடுகளுக்கு நடுவே எப்படிப் படுக்கிறது, புது ஆளான உங்களைக் கண்டு என்ன செய்கிறது என்று இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். தகப்பன் எது என்றும் கேளுங்கள். எண்ணிக்கை குறைந்த இனத்தில் அண்ணன் தங்கையையே சேர்த்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சீக்கும் மலட்டுத்தன்மையும் அதில்தான் வரும்.

2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 'இப்பவே எடுத்துட்டுப் போங்கண்ணே, பால் குடிக்கும்' என்பவரிடம் வாங்காதீர்கள். காதை அறுத்த குட்டியும் வேண்டாம். சண்டையில் எதிரி கவ்வாமல் இருக்கட்டும் என்று முன்னோர் செய்தது அது. இன்று அதற்குத் தேவையும் இல்லை, சட்டம் அதை வதை என்கிறது.

கேள்வி: என்ன தீனி கொடுப்பது?

பதில்: கம்பங்கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாய்தான். ஆனால் வளரும் வயதில் கூழ் மட்டும் போதாது. முட்டை, கருவாட்டுத் தூள், வேகவைத்த கோழிக் கழிவு என்று ஏதாவது ஒன்று தினமும் சேரட்டும். குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், திராட்சை கூடாது.

கேள்வி: தடுப்பூசி எல்லாம் நாட்டு நாய்க்கு அவசியமா? கீதாரிகள் போடுவதில்லையே.

பதில்: அவர்களிடம் செத்துப்போன குட்டிகளின் கணக்கையும் கேளுங்கள். பார்வோ கழிச்சல் வந்தால் ரத்தமாகப் போய் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். நாட்டு இனம் என்று அது பார்ப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம். பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஊக்க ஊசி, ஆண்டுதோறும் மறுபடி. உங்கள் பகுதி வாய்க்காலும் நெல் வயலும் எலியும் உள்ள இடம். எலிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

ஆடு வளர்ப்பவர் இதைவிடக் கவனிக்க வேண்டியது நாடாப்புழு. செத்த ஆட்டின் தலையையும் ஈரலையும் நாய்க்குத் தூக்கிப் போடுகிறோம். அவற்றில் உள்ள நீர்க்கட்டிகள் நாயின் குடலில் புழுவாகின்றன. நாயின் மலத்தோடு முட்டை புல்லில் விழுகிறது, ஆடு அதை மேய்கிறது. ஒரு வகைப் புழுவின் கட்டி ஆட்டின் மூளைக்குள் வளர்ந்து, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். இன்னொரு வகை, நாயைத் தடவிய கையோடு சோறு உண்ணும் மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகிறது. அறுவை சிகிச்சை வரை போகும். ஆகவே பச்சை உறுப்பு எதையும் போடாதீர்கள். நன்றாக வேகவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் உள்ள பூச்சி மருந்து கொடுங்கள். உருண்டைப் புழுவுக்கான சாதாரண மருந்து இதற்குக் கேட்காது.

உண்ணிக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் மிச்சத்தை நாய்க்கும் குத்திவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அளவு தவறினால் மூளையைத் தாக்கும். கோலி வகை நாய்கள் பலவற்றுக்குப் பிறவியிலேயே மரபணுக் குறை இருப்பதால் மற்ற நாய் தாங்கும் அளவே விஷமாகிவிடும். எந்த நாயானாலும் மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். மேய்ச்சல் முடிந்து வந்ததும் காது மடலையும் விரல் இடுக்கையும் பார்த்து உண்ணியைப் பிடுங்குங்கள். காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் என்றால் அன்றே கூட்டிப் போங்கள்.

இன்னொன்று: கீதாரிகள் ஓரிடத்தில் தங்குவதில்லை என்பதால் தடுப்பூசி முகாம்கள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல ஊர்களில் இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் வயலில் அப்போது கிடை இல்லாவிட்டாலும், வரும்போது அவர்கள் நாயையும் உங்கள் நாயோடு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: மதுரையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் தம்பியும் ஒரு குட்டி கேட்கிறான். இரண்டாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லிஃப்டில் ஏறுகிறவர்களை எல்லாம் திருடன் என்று நினைக்கும் நாயை அவர் எத்தனை நாள் சமாளிப்பார்? ஆடு இல்லாத வீட்டுக்கு மந்தை நாய் தேவையில்லை. நாய் வேண்டும் என்றால், தம் தெருவிலேயே பிறந்த குட்டி ஒன்றை எடுத்து, தடுப்பூசி போட்டு, வயது வந்ததும் கருத்தடை செய்து வளர்க்கச் சொல்லுங்கள்.