மோட்டார் பாட்டரியில் களிம்பு: நீக்கும் முறையும் தடுக்கும் முறையும்

சங்கத்தின் பால் வண்டி விடியற்காலையில் கிளம்ப மறுக்குமாயின், அங்கத்தினர்கள் கறந்து கொணர்ந்த பால் வெயிலேறுமுன் கெட்டுவிடும். அந்நஷ்டம் ஒருவரை மட்டும் சாராது, யாவரையும் சாரும். இத்தகைய தடங்கலுக்குப் பாட்டரியின் முனைகளில் படியும் களிம்பு பலமுறை காரணமாயிருக்கிறது. ஆதலால், புதுப் பாட்டரிக்குப் பணம் செலவிடுமுன் முனைகளைப் பரிசோதித்தல் விவேகமாகும்.

களிம்பு உண்டாகும் விதம்

பாட்டரியினுள் ஈயத் தகடுகளும், ஜலம் கலந்த கந்தகத் திராவகமும் உள்ளன. மின்சாரம் ஏறுங்கால் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனுடன் திராவகத்தின் நுண்துளிகளும் மூடித் துவாரங்களின் வழியாகவும், முனையடியிலுள்ள பிளவுகளின் வழியாகவும் கசிந்து உலோகத்தை அரிக்கின்றன. ஈயத்தினின்று வெண்பொடியும், செம்பினின்று நீலப்பச்சைக் களிம்பும் தோன்றும். இவை மின்சாரத்தைத் தடுப்பன. எஞ்சினைக் கிளப்புகையில் 150 ஆம்பியர் ஓடுவதாகக் கொண்டால், களிம்பின் தடை ஓர் ஓமில் நூற்றிலொரு பங்கே ஆயினும், 12 வோல்ட்டில் 1½ வோல்ட் அவ்விடத்திலேயே வீணாகும்.

நீக்கும் முறை

(1) எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிக. ஹைட்ரஜன் தீப்பற்றி வெடிக்கும் இயல்புடையதாதலின் பீடி, சுருட்டு, விளக்கு ஆகியவை அருகில் வரலாகாது.

(2) கழித்தல் குறியுள்ள கம்பியை முதலிலும், கூட்டல் குறியுள்ளதைப் பின்னரும் கழற்றுக. இக்கால வண்டிகளில் கழித்தல் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பதால், முறை மாறினால் ஸ்பானர் உடலைத் தொட்டுப் பெருந்தீப்பொறி எழக்கூடும்.

(3) ஒரு குவளை நீரில் ஒரு மேஜைக் கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, களிம்பின்மீது சிறிது சிறிதாக ஊற்றுக. திராவகம் முறிபடுங்கால் நுரை பொங்கும். நுரை அடங்கிய பின் பழைய பிரஷினால் தேய்க்கவும். இக்கரைசல் பாட்டரிக்குள் ஒரு துளியும் புகலாகாது. புகின் உள்ளிருக்கும் திராவகம் வலிமை குன்றும்.

(4) சுத்த ஜலத்தால் கழுவி, துணியால் துடைத்து, நன்கு உலரவிடுக.

(5) கூட்டல் கம்பியை முதலிலும் கழித்தல் கம்பியைப் பின்னரும் பூட்டி இறுக்கி, மேலே வாஸலைன் தடவுக.

கழுவிய நீரில் ஈயம் கலந்திருக்குமாதலால், கிணற்றருகிலும் மாட்டுத் தொட்டியருகிலும் அதைக் கொட்டலாகாது. திராவகம் கண்ணில் தெறித்தால் 15 நிமிஷமேனும் சுத்த ஜலத்தால் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

தடுக்கும் முறை

நீர் ஊற்றும் வகைப் பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த ஜலமே உரியது. கிணற்று நீரும் கூடாது, புதுத் திராவகமும் கூடாது. குறித்த மட்டத்துக்குமேல் ஊற்றினால் அது வழிந்து களிம்பை வளர்க்கும். பாட்டரி ஆடாவண்ணம் இறுகப் பிணைத்திருத்தல் வேண்டும். சுத்தம் செய்தும் விரைவில் களிம்பு திரும்புமாயின், மின்சாரம் அளவு கடந்து ஏறுகிறதா, முனையடியில் பிளவு உண்டா என்று தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு சோதிப்பிக்கவும்.

பயனற்ற பாட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுத்தல் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. இந்தியாவில் 2022-ஆம் வருஷத்து விதிகளின்படி, பழைய பாட்டரிகள் உரிய வழியில் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் செல்லவேண்டும். ஆகவே விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுக.

மாதமொருமுறை முனைகளைப் பார்வையிடும் பொறுப்பைச் சங்கம் ஒருவரிடம் ஒப்புவித்து, பார்த்த தேதியை வண்டிப் புத்தகத்தில் எழுதச்செய்வது நலம். சிறிது ஆப்பச் சோடாவும் அரைமணி நேர உழைப்பும் பொதுப் பணத்தைக் காக்கும்.