ஒரு மூலம், பல வடிவங்கள்: பட்டாசுப் பாதுகாப்புத் தாள் வழியே ஒரு கணினிப் பாடம்

தீபாவளி நெருங்கியதும் பள்ளிகளில் பட்டாசுப் பாதுகாப்புத் தாள் தயாரிக்கிறோம். அறிவிப்புப் பலகைக்கு ஒன்று, பெற்றோரின் கைப்பேசிக்கு ஒன்று, பார்வைக் குறைவுடைய மாணவருக்குப் பெரிய எழுத்தில் ஒன்று எனத் தனித்தனியே தட்டச்சு செய்கிறோம். பிழை நுழைவது இங்கேதான்.

2018ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்றது. ஒரு வாரத்தில் ஆணை திருத்தப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தைத் தமிழ்நாடு மாற்றிக்கொள்ளலாம் என்றானது. அரசு காலை 6–7, இரவு 7–8 என அறிவித்தது. மூன்று கோப்புகளில் இரண்டைத் திருத்தி ஒன்றை மறந்தால், ஒரே பள்ளியிலிருந்து இரு வேறு நேரங்கள் வீடுகளுக்குச் செல்லும்.

இதற்குத் தீர்வு, செய்தியை ஒரே மூலக் கோப்பில் வைத்து, தேவையான வடிவங்களை அதிலிருந்தே பெறுவது. பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் உருவாக்கிய பாண்டாக் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கெனவே உள்ளது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் ஒரே நூலை இபப், மொபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என வெளியிடுகின்றனர். பள்ளி ஆய்வகத்தில் லிப்ரே ஆபிஸ் ரைட்டரே போதும்.

செயல்பாடு (ஒரு பாடவேளை)

1. ஒருங்குறியில் தட்டச்சு செய்க. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அவ்வெழுத்துரு இல்லாத கைப்பேசியில் எழுத்துகள் குழம்பும்.

2. தலைப்பைக் கையால் பெரிதாக்க வேண்டாம். எஃப்11 விசையை அழுத்தி ஸ்டைல்ஸ் பட்டியலைத் திறந்து, ‘ஹெடிங் 1’ எனக் குறிக்கச் செய்க.

3. தாளில் இடம்பெற வேண்டியவை: வெடிக்கும் நேரம், தீப்புண்ணைக் குழாய்நீரில் 20 நிமிடம் குளிர்வித்தல், மை, பற்பசை தடவாமை, 108.

4. மூலத்தைச் சேமித்து, எக்ஸ்போர்ட் வழியாகப் பிடிஎஃப், இபப் எடுக்கவும். பிறகு ஸ்டைலில் மட்டும் எழுத்தளவை 18 ஆக்கி மறுபடி பிடிஎஃப் எடுத்தால் பெரிய எழுத்துப் படி கிடைக்கும்.

5. இப்போது “நேரம் மாறிவிட்டது” என்று ஆசிரியர் அறிவிக்க வேண்டும். மாணவர் மூலத்தைத் திருத்தி எல்லா வடிவங்களையும் மீண்டும் எடுத்து, ஒருவர் தாளை மற்றவர் சரிபார்க்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

“வலப்பக்கப் படத்தைப் பார்க்க” என்பது அச்சில் பொருந்தும். கைப்பேசியில் அப்படம் கீழே போயிருக்கும். “படம் 2” என்றே எழுதச் செய்க. படத்துக்கு எழுத்து விளக்கமும் சேர்த்தால் திரைவாசிப்பான் அதைப் படித்துக்காட்டும். மூலத்தைத் திருத்தினாலும், முன்பே பகிர்ந்த பழைய கோப்பு தானாக மாறாது. எனவே ஒவ்வொரு வடிவின் தலைப்பிலும் தேதி இருக்கட்டும். திருத்திய கோப்பை அனுப்பும்போது பழையதை நீக்கும்படி பெற்றோருக்குச் சொல்லவும் வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் பல பிள்ளைகளின் வீட்டு அடுப்பு எரிவது பட்டாசுத் தொழிலாலும் அச்சுத் தொழிலாலும்தான். அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தாளில் ஒரு எண்கூடத் தவறக் கூடாது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.