வாலுள்ள சுட்டி, வாலற்ற சுட்டி: தேர்ந்தெடுக்கும் முறை

கணினிக்குச் சுட்டியும் விசைப்பலகையும் வாங்க முற்படுவோர் ‘வயரா, வயர்லெஸ்ஸா’ என்ற ஒரே கேள்வியுடன் கடைக்குச் செல்வது வழக்கம். அக்கேள்வி இரண்டு இடங்களில் பிழைபட்டது. வயர்லெஸ் என்னும் ஒரு சொல்லுக்குள் தன்மையால் வேறுபட்ட இரு முறைகள் அடங்கியிருப்பதால் தெரிவுகள் மூன்றே அன்றி இரண்டல்ல. மேலும், சுட்டியும் விசைப்பலகையும் செய்யும் வேலை வேறு வேறு என்பதால், ஒன்றுக்குப் பொருந்தும் விடை மற்றதற்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

மூன்று முறைகளுள் முதலாவது, யூஎஸ்பி வயர் ஒன்றின் வழியே மின்சாரமும் தகவலும் சேர்ந்து செல்லும் பழைய முறை. இரண்டாவது, கருவியுடன் வரும் நகமளவு ரிசீவரைக் கணினியின் யூஎஸ்பி துளையில் செருகி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் இயக்கும் முறை. இந்த ரிசீவரையே கடைக்காரர்கள் டாங்கிள் என்பர். மூன்றாவது புளூடூத். இதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகிறது எனினும், தனி ரிசீவர் எதுவும் வேண்டாது, கணினிக்குள் ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ள புளூடூத் சில்லுடன் நேரே இணைகிறது. மடிக்கணினிகளில் அச்சில்லு இருக்கும். மேசைக் கணினிகளில் அது இல்லாதவை இன்னும் ஏராளமாகப் பயன்பாட்டில் உள்ளன. எனவே, பெட்டியின் மேல் வெறுமனே ‘வயர்லெஸ்’ என்று அச்சிடப்பட்டிருந்தால், இவ்விரண்டில் எது என்று கேட்டறியாமல் பணம் கொடுப்பது கூடாது.

விசைப்பலகையைத் தனியே, சுட்டியைத் தனியே முடிவு செய்தல்

விசைப்பலகை வைத்த இடத்தில் இருப்பது. அதன் வயர் ஒருமுறை மேசைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் பிறகு எவர் கண்ணிலும் படுவதில்லை, எவர் வேலையையும் தடுப்பதில்லை. சுட்டியோ நாள் முழுதும் நகர்வது. அதன் வயர் மேசை விளிம்பில் உரசும், கோப்பைகளில் சிக்கும், நுண்ணிய வரைகலை வேலையில் கையைப் பின்னுக்கு இழுக்கும். வயரால் வரும் தொல்லை முழுவதும் சுட்டியுடையது என்பது இதிலிருந்து பெறப்படும். வயர் இல்லாமையால் வரும் தொல்லைகளுள் பெரியவை விசைப்பலகையுடையவை என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும். ஆகவே, ஒரே மேசையில் ஒரே கணினியுடன் பணிபுரிவோருக்கு விசைப்பலகை வயருடனும், சுட்டி ரிசீவருடனும் இருப்பதே சரியான ஏற்பாடு. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து ‘காம்போ’ என்ற பெயரில் விற்கப்படும் வயர்லெஸ் இணை மலிவானதுதான். ஆனால் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ரிசீவர் என்பதால், அது தொலைந்த நாளில் இரண்டும் சேர்ந்தே செயலிழக்கும்.

இவ்விதிக்கு விலக்கு உண்டு. தொலைக்காட்சியுடன் கணினியை இணைத்து எதிரே அமர்ந்து இயக்குவோருக்கு வயர் உள்ள விசைப்பலகையால் பயனில்லை. கைப்பேசி, பலகைக்கணினி, மடிக்கணினி ஆகிய மூன்றிலும் மாறி மாறித் தட்டச்சு செய்வோருக்கு, பொத்தான் ஒன்றை அழுத்தி இணைப்பை மாற்றிக்கொள்ளும் புளூடூத் விசைப்பலகை ஏற்றது. பல கணினிகள் வரிசையாக உள்ள பயிற்சிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ வாங்குபவர் இரண்டையும் வயருடனேயே வாங்க வேண்டும். ஒரே தோற்றமுள்ள இருபது சுட்டிகளும் இருபது ரிசீவர்களும் இருக்கும் அறையில், ஒருமுறை கூட்டிப் பெருக்கி இடம் மாற்றி வைத்த பிறகு எந்தச் சுட்டி எந்தக் கணினிக்குரியது என்று கண்டுபிடிக்கவே அரைநாள் கழியும்.

வேகம் பற்றிய கவலை பெரும்பாலோருக்குத் தேவையற்றது. சாதாரண யூஎஸ்பி சுட்டி நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, தன் இருப்பிடத்தைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. விளையாட்டுக்கென விற்கப்படும் சுட்டிகள் 1000 முறையும் அதற்கு மேலும் தெரிவிக்கின்றன, அவற்றுள் ரிசீவரால் இயங்குபவை வயர் உள்ளவற்றுக்குப் பின்தங்குவதில்லை. புளூடூத் சற்றே மந்தமானது. கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் இவ்வேறுபாடு தெரியவே போவதில்லை.

ரிசீவரை எங்கே செருகுவது

வயர்லெஸ் கருவிகள் பற்றி எழும் குறைகளுள் பெரும்பகுதி ரிசீவரைச் செருகும் இந்த ஒரு படியில் நேரும் தவற்றால் விளைவது. சுட்டியின் அம்பு திரையில் தாவித் தாவிச் செல்லும். தட்டச்சில் இடையிடையே எழுத்துகள் விடுபடும். சிலபோது ஒரே எழுத்து பத்துப் பதினைந்து முறை தானே விழும். விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தி கணினியைச் சேர்ந்து, விசை விடுவிக்கப்பட்டது என்னும் செய்தி காற்றிலேயே தொலைந்துபோனால், விரல் இன்னும் விசையின் மேலேயே இருப்பதாகக் கருதிக் கணினி அவ்வெழுத்தை அடுக்கிக்கொண்டே போவதுதான் இதற்குக் காரணம். இக்குறைகளைக் கண்டவர் உடனே பேட்டரியை மாற்றுகின்றனர். பின்னர் சுட்டியையே மாற்றுகின்றனர். புதிய சுட்டியின் ரிசீவரையும் அதே துளையில் செருகிவிட்டு, வயர்லெஸ் என்பதே நம்பத்தக்கதன்று என்ற முடிவுக்கு வருகின்றனர்.

குற்றவாளி பெரும்பாலும் அண்டைத் துளையில் இருக்கும் வன்தட்டு அல்லது பென் டிரைவ். யூஎஸ்பி 3.0 இணைப்பு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்புகையில், அதன் மின்னலைகள் ஒரே அதிர்வெண்ணில் நில்லாமல் பரந்து விரிந்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சலாகக் கசிகின்றன. இண்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை அளந்து காட்டியது: இரைச்சல் துளையிலிருந்தும், வயரிலிருந்தும், இணைக்கப்பட்ட கருவியிலிருந்தும் வெளிப்படுகிறது. சுட்டி அனுப்பும் அலை மிக மெலிந்தது. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் காதோடு காதாகப் பேசுவதைப் போல அது ரிசீவரின் அருகிலேயே அமுங்கிவிடுகிறது. சுட்டியைக் கணினிக்கு அருகில் கொண்டுவந்தால் ஓரளவு சரியாவதும், வன்தட்டைப் பிடுங்கியதும் முழுதும் சரியாவதும் இதனாலேயே.

இதைச் சோதிக்கும் வழி எளிது. வன்தட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சுட்டியை வட்டமாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அம்பு அப்போது மட்டும் தடுமாறுமானால் நோய் இதுவே. நகல் ஓடாதபோதும் தடுமாறினால் பேட்டரியையும், சுட்டிக்கு அடியில் உள்ள பரப்பையும் ஐயுறலாம். ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகக் கொள்ளும் சுட்டிக்கோ பொத்தானின் அடியில் உள்ள சுவிட்சு தேய்ந்திருக்கிறது, அது வயர் உள்ள சுட்டிக்கும் வருவது, ரிசீவரை எங்கே மாற்றினாலும் தீராது.

மருந்து தூரம். மேசைக் கணினியில், பின்புறத் துளைகளில் ரிசீவரைச் செருகுவதை அறவே தவிர்க்க வேண்டும்; அங்கே வன்தட்டு, வலைப்பின்னல் வயர், திரையின் வயர் எல்லாம் நெருங்கியிருப்பதோடு, கணினியின் இரும்புப் பெட்டியே சுட்டிக்கும் ரிசீவருக்கும் நடுவே சுவராக நிற்கிறது. முன்புறத்தில் கறுப்பு நிற நாக்குள்ள யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் அதுவே ரிசீவருக்கு உரிய இடம். நீல நிறம் 3.0 என்பதைக் குறிக்கும், ஆயினும் எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்நிற மரபைப் பின்பற்றுவதில்லை. அப்படிப்பட்ட துளை இல்லாவிடில், அரை மீட்டரோ ஒரு மீட்டரோ நீளமுள்ள யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் வயரை வாங்கி, அதன் முனையில் ரிசீவரைச் செருகி, மேசையின் மேல் சுட்டிக்கு ஒரு சாண் தொலைவில் வைத்துவிட வேண்டும். வயரில்லாச் சுட்டிக்கு வயர் வாங்குவதா என்று நகைப்போர் உண்டு. அவ்வயர் நகர்வதில்லை, கையை இழுப்பதில்லை. நகைத்தவர்கள் மூன்றாவது சுட்டி வாங்கிக்கொண்டிருக்கும்போது இது ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கும்.

மடிக்கணினியில் வன்தட்டு ஒரு பக்கம், ரிசீவர் மறுபக்கம் என்று பிரித்து வைத்தாலே பெரும்பாலும் போதும். யூஎஸ்பி-சி துளை மட்டுமே கொண்ட புதிய மடிக்கணினிகளில், ஒரே ஹப்பில், அதாவது ஒரு துளையைப் பல துளைகளாக்கும் கருவியில், வன்தட்டையும் ரிசீவரையும் அடுத்தடுத்துச் செருகுவது, நோயை விலை கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 2.4இன் நெரிசல் மேலும் குறையும். புளூடூத் இதே இரைச்சலால் பாதிக்கப்படினும், அதிர்வெண்ணை இடையறாது மாற்றிக்கொண்டே இயங்குவதால் ஓரளவு தப்பிக்கிறது. அதன் ஆன்டெனா மடிக்கணினிக்குள்ளேயே இருப்பதால் அதை நகர்த்த இயலாது, வன்தட்டைத்தான் தள்ளி வைக்க வேண்டும்.

புளூடூத் கைவிடும் இடங்கள்

புளூடூத் விசைப்பலகை இயங்குவதற்கு இயங்குதளம், அதாவது விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருள், முதலில் எழுந்திருக்க வேண்டும். கணினி தொடங்கும் நொடியில் தோன்றும் பயாஸ் திரையில், அதாவது இயங்குதளத்துக்கும் முன்னால் கணினியின் வன்பொருளை அமைக்கும் திரையில், பெரும்பாலான கணினிகளுக்குப் புளூடூத் விசைப்பலகை இருப்பதே தெரியாது. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போதும், பிட்லாக்கர் என்னும் தட்டுப் பூட்டு திடீரென 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்போதும் நேர்வது இதுவே. மடிக்கணினியில் உடன்பிறந்த விசைப்பலகை இருப்பதால் தப்பிக்கலாம். மேசைக் கணினியின் ஒரே விசைப்பலகை புளூடூத் எனில் வேலை அங்கேயே நின்றுவிடும். ரிசீவர் வகைக்கு இச்சிக்கல் பொதுவாக இல்லை, ஏனெனில் கணினியின் கண்ணுக்கு அந்த ரிசீவரே ஒரு சாதாரண யூஎஸ்பி விசைப்பலகை. எதை வாங்கினாலும், பழைய வயர் விசைப்பலகை ஒன்றை அலமாரியில் போட்டு வைக்காத வீடு ஆயத்தமற்ற வீடு.

ரிசீவர் வகையின் ரகசியக் காப்பு பற்றியும் ஒரு சொல். 2016 பிப்ரவரியில் பாஸ்டீல் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், பல தயாரிப்பாளர்களின் ரிசீவர்களுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவிலிருந்தே போலியான விசை அழுத்தங்களை அனுப்ப இயலும் என்று காட்டியது; சுட்டிகள் அனுப்பும் செய்திகள் பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்படாமல், அதாவது பிறர் படிக்கவும் போலி செய்யவும் இயலாத வடிவுக்கு மாற்றப்படாமல், சென்றதே இதற்கு வழி திறந்தது. அதே ஆண்டில் அந்நிறுவனம், மலிவான சில விசைப்பலகைகள் தட்டப்படும் எழுத்துகளையே வெளிப்படையாகக் காற்றில் அனுப்புவதையும் கண்டறிந்தது. வங்கிக் கடவுச்சொற்களைத் தட்டும் விசைப்பலகை, மறையாக்கம் உண்டு என்று பெட்டியில் தெளிவாகக் குறிக்கப்பட்டதாகவோ வயர் உள்ளதாகவோ இருக்க வேண்டும். பெயரறியா மலிவுப் பெட்டியில் அச்சொல் இல்லையெனில் விவாதத்துக்கு இடமில்லை.

பேட்டரி, ரிசீவர், வயர்

கழற்றி மாற்றத்தக்க ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரியில் இயங்குவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தேயும்போது, நல்ல நிலையில் உள்ள சுட்டியும் அதனுடன் குப்பைக்குப் போகிறது. லித்தியம் வகைதான் வேண்டும் எனில், சார்ஜ் ஏறும்போதும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட மேஜிக் மவுஸ் 2இல் சார்ஜ் துளை அடிப்புறத்தில் அமைந்ததால், அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சார்ஜ் ஏற்றத்தக்க நிக்கல் வகை ஏஏ பேட்டரியின் அழுத்தம் 1.5 அன்று, 1.2 வோல்ட் என்பதால், புதிதாகப் போட்டதும் அளவு குறைவாகக் காட்டலாம். அதனால் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும்போது ஆல்கலைன் பேட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அது கசிந்து உலோகத் தகடுகளை அரித்துவிடும்.

ரிசீவர் தொலைந்தால் பெரும்பாலான மலிவுச் சுட்டிகளுக்கு மாற்று கிடையாது. இரண்டும் தொழிற்சாலையிலேயே பிணைக்கப்பட்டவை. லாஜிடெக் நிறுவனத்தின் யூனிஃபையிங், 2021இல் வந்த போல்ட் ஆகிய ரிசீவர்கள் தனியே விலைக்குக் கிடைப்பவை, ஒவ்வொன்றும் ஆறு கருவிகள் வரை ஏற்பவை. ஆனால் ஒன்றின் கருவி மற்றதன் ரிசீவருடன் சேராது என்பதை அறியாமல் மாற்றி வாங்குவோர் பலர்.

வயர் உள்ள சுட்டியை வாங்குவோர், வயர் உடலுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் காப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வயர் உள்ளே முறிவது பெரும்பாலும் அங்கேதான். கையை இழுக்கும் தொல்லைக்கு, ஒரு சாண் நீளத்தைத் தளர்வாக விட்டு, எஞ்சியதை மேசையின் பின்விளிம்பில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடலாம். இதற்கென விற்கப்படும் தாங்கிகள் வீண்செலவு.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கென்று தனி விசைப்பலகை தேவையில்லை. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 ஆயினும் வேறு அமைப்பாயினும், அது இயங்குதளத்தில் தெரிவு செய்யப்படுவதேயன்றி விசைகளுக்குள் இருப்பதன்று. எழுத்து அச்சிட்ட ஒட்டிகளே போதும். ஆனால் ஒரு புளூடூத் விசைப்பலகையை மூன்று கருவிகளுடன் இணைத்தவர், அம்மூன்றிலும் தமிழ் அமைப்பைத் தனித்தனியே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்கு முன், கருவியை அது நிலையாக இருக்கப்போகும் இடத்தில் வைத்து, வன்தட்டில் நகல் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பக்கம் முழுதும் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். பின்னர் கணினியை உறங்கவிட்டு, எழுப்பியதும் கடவுச்சொல்லின் முதல் எழுத்து விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவரை பெட்டியையும் ரசீதையும் எறியக் கூடாது.