முன்சக்கரம் எழும்பினால் ஆளை ஏற்றாதீர்கள், பாரத்தை இறக்குங்கள்

கேள்வி: எங்ககிட்ட 45 குதிரைத்திறன் டிராக்டரும் ரெண்டு சக்கர டிரெய்லரும் இருக்குதுங்க. தடப்பள்ளி வாய்க்கால் பாசனக் காட்டிலிருந்து ஆலைக்குக் கரும்பு ஓட்டறோம். பாலத்து மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்குது. முன்னால ரெண்டு பேரை உட்கார வெச்சா சரியாயிடும்ங்கறாரு டிரைவர். இறக்கத்துல டிரெய்லர் தள்ளுது. என்ன செய்யறதுங்க?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆளை முன்னால் உட்கார வைக்கவே வேண்டாம். ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் அவர் விழுவது அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான்.

கணக்கைப் பாருங்கள். டிரெய்லரும் கரும்பும் சேர்ந்து 10 டன் என்று வைத்துக்கொள்வோம். 12 அடிக்கு ஓர் அடி உயரும் மேட்டில் அது சுமார் 800 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். உங்கள் டிராக்டரின் எடையே ஏறக்குறைய 2 டன்தான். கொக்கியின் மேல் அமரும் பாரமும் இதோடு சேரும்போது முன்பக்கம் லேசாகிறது. சக்கரம் தரையில் பதியாவிட்டால் ஸ்டீயரிங் திரும்பியும் வண்டி திரும்பாது. இழுக்கிற தெம்பு இன்ஜினுக்கு இருக்கிறது என்பதால் லோடு சரியான அளவு என்று ஆகிவிடாது. முதலில் கரும்பைக் குறையுங்கள். பிறகு கம்பெனி கொடுக்கும் முன் வெயிட்டுகளை மாட்டுங்கள். பின் டயரில் தண்ணீர் நிரப்புவது பிடிமானத்துக்கு உதவும். முன்பக்கம் எழும்புவதைத் தடுக்காது. டிரெய்லரை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கோக்கவே கூடாது. கொக்கி உயர உயர வண்டி பின்னால் மல்லாந்து விழும் அபாயம் கூடும். கரும்பை டிரெய்லரின் பின்பக்கம் குவிப்பதும் தப்பு. அது கொக்கியை மேலே தூக்கி, பின்சக்கரத்தின் பிடியைக் கெடுக்கும்.

இறக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நம் பக்கத்து டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. 10 டன்னையும் 2 டன் டிராக்டர்தான் நிறுத்தியாக வேண்டும். இறக்கத்துக்கு முன்பே, அதே மேட்டை ஏற எந்த கியர் போடுவீர்களோ அதைப் போட்டுவிடுங்கள். நடுவில் கிளட்ச்சை மிதிக்கவோ, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போடவோ வேண்டாம். உழவில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் ரோட்டுக்கு வந்ததும் கொண்டியால் இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிரெய்லர் தள்ளி டிராக்டர் குறுக்கே மடங்கிவிடும். 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதைக்கு இப்படிப்பட்ட டிரெய்லரை எடுத்துப் போகும் யோசனை இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுத்த வெட்டு தொடங்கும் முன் டிரெய்லருக்கு பிரேக் வைத்துவிடுங்கள். பாரத்தைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு: அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000.

கொக்கிப் பின்னுக்குப் பூட்டுக் கிளிப் இருக்கிறதா, உதவிச் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு நடைக்கும் பாருங்கள். ஆலைக்கு வெளியே ராத்திரி வரிசையில் நிற்கும்போது, வெளியே நீட்டிய கரும்பு பைக்கில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. பின்பலகையில் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டி, எரியும் விளக்கும் வையுங்கள்.