இ-செக் கிளியர் ஆகும்வரை பார்சலை அனுப்பாதீர்கள்

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஆன்லைனில் பொருள் விற்கிறீர்களா? பேபாலில் ஒருவர் இ-செக்காகப் பணம் கட்டினால் அவசரப்பட்டுப் பார்சலை அனுப்பிவிடாதீர்கள். வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து அந்தப் பணம் நம் கைக்கு வர 6 வேலை நாட்கள் வரை ஆகலாம். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறைகள் கணக்கில் சேராது. வியாழன் மாலை வந்த ஆர்டர் அடுத்த வெள்ளி வரைகூட இழுக்கும்.

ஆர்டர் வந்ததாக மின்னஞ்சல் வந்தாலும், உங்கள் பேபால் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். 'பெண்டிங்' என்று இருந்தால் பணம் இன்னும் வரவில்லை. வாங்குபவரின் வங்கிக் கணக்கில் இருப்பு இல்லாமல் இ-செக் திரும்பினால் பொருளும் போச்சு, பணமும் போச்சு.

வாங்கியவருக்கு இந்தத் தாமதம் தெரியாமலே இருக்கலாம். அன்றைக்கே எழுதிவிடுங்கள்: "உங்கள் இ-செக் இன்னும் கிளியர் ஆகவில்லை. ஆனதும் மறுநாளே அனுப்பிவிடுகிறேன்." இந்த இரண்டு வரி போகாவிட்டால் மோசமான ரிவ்யூ வரக்கூடும்.

கிளியர் ஆன பிறகும், 'நான் அனுமதிக்காமல் எடுத்த பணம்' என்று வாங்கியவர் 60 நாள் வரை தன் வங்கியில் முறையிட முடியும். டிராக்கிங் எண், டெலிவரி ரசீது எதையும் அதற்குள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.