டயர் மாற்றிய மறுநாளே சக்கரம் கழன்றது: கடைக்காரர் பொறுப்பில்லையா?

கேள்வி: போன மாதம் ஒரு டயர் கடையில் என் காரின் முன்பக்கத்துக்கு இரண்டு புது டயர் மாட்டி, அலைன்மென்டும் பேலன்சிங்கும் செய்தேன். மறுநாள் மதுரை போகும் வழியில் ஸ்டியரிங் நடுங்கி, இடது முன்சக்கரம் கழன்றுவிட்டது. காயமில்லை, வண்டிக்குத்தான் சேதம். "நாங்கள் சரியாகத்தான் முடுக்கினோம், உரிமையாளர் பொறுப்பு என்று போர்டும் வைத்திருக்கிறோம்" என்கிறார் கடைக்காரர். பில் கேட்டும் தரவில்லை. பணம் யுபிஐயில் கட்டினேன். வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகப் போடலாம். கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையில் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. பில் தராததையும் அச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

போர்டைக் கண்டு தயங்காதீர்கள். ஓட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை 'உரிமையாளர் பொறுப்பு' என்ற வாசகத்தைக் காட்டி ஓட்டல் தட்டிக்கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அந்த நியாயத்தை உங்கள் வழக்கிலும் எடுத்து வாதிடலாம்.

ஆனால் குறைபாட்டை நிரூபிப்பது உங்கள் கடமை. வேறு யாரோ நட்டைக் கழற்றினார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். எனவே இன்னும் பழுது பார்க்கவில்லை என்றால், முதலில் சக்கரம், போல்ட், நட் எல்லாவற்றையும் படமெடுங்கள். உடைந்த பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நட் சரியாக முடுக்கப்படாததுதான் காரணமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ சர்வேயரிடமோ எழுத்தில் கருத்து வாங்குங்கள். வேலை நடந்த தேதிக்கு யுபிஐ பதிவு சாட்சி.

அடுத்து, சேதத் தொகையைக் குறிப்பிட்டு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யுங்கள். கடை வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆரம்ப வழிகாட்டலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், டார்க் ரெஞ்ச் வைத்து உங்கள் கண்ணெதிரே முடுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். என்ன வேலை செய்தார்கள் என்று விவரமாக எழுதிய பில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.