அப்பாவின் டப்பாவில் இறுகிக் கிடக்கும் எஞ்சின்

கேள்வி: என் அப்பா பெல் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சென்ற ஆண்டு காலமானார். அவருடைய டூல் பெட்டியில், பிஸ்கட் டப்பாவுக்குள் துணி சுற்றிய சின்ன விமான எஞ்சின் ஒன்று கிடைத்தது. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது வாங்கியது என்கிறார் அம்மா. தலையில் ‘டி’ வடிவத் திருகு இருக்கிறது; பிளக் எதுவும் இல்லை. புரொப்பெல்லர் இம்மியும் அசையவில்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டும் பயனில்லை. வைஸில் பிடித்து, பிளையர் போட்டுத் திருப்பினால் வந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஒன்பதாவது படிக்கும் மகள் ஓட்டிக் காட்டச் சொல்கிறாள். பெட்ரோல் ஊற்றலாமா?

– வாசகர், கைலாசபுரம், திருச்சி-14

பதில்: வைஸும் வேண்டாம், பிளையரும் வேண்டாம். பெட்ரோல் அறவே வேண்டாம். உங்கள் எஞ்சின் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. இப்படி வரும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்தான்: உள்ளே விளக்கெண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது.

அந்த ‘டி’ திருகைச் சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிளக் இல்லாமல் திருகு மட்டும் இருந்தால் அது மாடல் டீசல். இங்கிலாந்தின் மில்ஸ் நிறுவனம் 1946-இல் கொண்டுவந்த 1.3 சி.சி. எஞ்சின் இந்த வகையில் பெயர்பெற்றது. அதைப் பார்த்துச் செய்தவை நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தன. திருகுக்குக் கீழே, சிலிண்டரின் மேல்பகுதியில் இன்னொரு குட்டி பிஸ்டன் உண்டு. கான்ட்ரா பிஸ்டன் என்பார்கள். திருகை இறுக்கினால் அது கீழே இறங்கும், அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அப்படித் தானாகப் பற்றுவதற்காகத்தான் இதில் ஈதர் கலக்கிறார்கள். அது 160 டிகிரி செல்சியஸை ஒட்டியே பற்றிவிடும். பெட்ரோலுக்கு அதைவிட வெகுவாகக் கூடுதல் சூடு தேவை. இந்த எஞ்சினில் ஊற்றினால் நனையுமே தவிர ஓடாது.

மூன்றில் ஒரு பங்கு ஈதர், ஒரு பங்கு மண்ணெண்ணெய், ஒரு பங்கு விளக்கெண்ணெய். பழைய எஞ்சினுக்கு இதுவே பாதுகாப்பான கலவை. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு மசகாக இருந்ததும் இதே ஆமணக்கு எண்ணெய்தான். சூட்டிலும் உலோகத்தைவிட்டு வழுவாமல் ஒட்டி நிற்பது அதன் பெருமை. ஓட்டியபின் துடைக்காமல் விட்டால் காற்றிலும் சூட்டிலும் இறுகி வார்னிஷ் ஆவது அதன் குறை. எக்ஸாஸ்ட் துவாரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் நான் சொல்வது சரி. காய்ந்த அந்தப் படலத்தை மண்ணெண்ணெய் கரைக்காது; சூடுதான் இளக்கும்.

ஆனால் ஒன்று: இரண்டு நாள் மண்ணெண்ணெயில் கிடந்த எஞ்சினை அப்படியே சூடாக்காதீர்கள். முழுதாக வடித்து, துடைத்து, ஒரு நாள் காற்றாட வையுங்கள். பிறகு ‘டி’ திருகை ஒரு சுற்று தளர்த்துங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரால் சிலிண்டரைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுங்கள். வெறுங்கையால் தொட முடியாத பதம் வந்ததும், எக்ஸாஸ்ட் வழியாகவும் காற்றுக்குழாய் வழியாகவும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு. துணியைச் சுற்றிக்கொண்டு புரொப்பெல்லரைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள், சுற்றவேண்டாம். அசையாவிட்டால் மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். ஒரே நாளில் இளகாமல் போகலாம். முதலில் ஒரு நூலிழை அசைவு தெரியும். அது வந்துவிட்டால் மீதி தானே வரும்.

பாய்லர் செய்யும் பெல் ஆலையில் வேலை பார்த்தவர் வீட்டுக்குச் சூட்டின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இதில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். இடைவெளி மைக்ரான் கணக்கு. வைஸ் கவ்வினால் மெல்லிய அலுமினியக் கூடு நெளியும், பிளையர் முறுக்கினால் கனெக்டிங் ராட் வளையும். உப்புத்தாள் ஒரு தடவை பட்டாலே அழுத்தம் போய்விடும், பிறகு எஞ்சின் அலமாரிக்குத்தான். காஸ்டிக் சோடாவோ அலுமினியத்தையே தின்றுவிடும்.

இளகியதும் திறந்து பார்க்கும் ஆசை வரும், திறக்காதீர்கள். நீடில் வால்வை மட்டும் கழற்றி, அதன் துளையில் ஊசிமுனையை விடாமல், ஊதிச் சுத்தம் செய்தால் போதும். புரொப்பெல்லரைச் சுற்றும்போது ஒரு இடத்தில் பஞ்சு மெத்தையை அமுக்கியதுபோல எதிர்த்து, பின்னுக்குத் தள்ளினால் அழுத்தம் நன்றாக இருக்கிறது.

கலவைக்கு ஈதரை நீங்களாகத் தேடி அலையாதீர்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் கற்றுத்தருபவர்களிடம் எஞ்சினை எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் முன்னிலையில் ஓட்டுவதே முறை. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தூரத்து நெருப்பைத் தொட்டுவிடும். வீட்டுக்குள் பாட்டிலைத் திறக்கவே கூடாது. விளக்கெண்ணெயிலும் கவனம் வேண்டும்: கடையில் தீப எண்ணெய் என்று விற்பது கலப்பு. தெளிந்த, சுத்தமான ஆமணக்கு எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினைக் கனத்த பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, எக்ஸாஸ்டில் ஒரு சொட்டு கலவை விட்டு, முன்னாலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் தட்டிவிடுங்கள். வெறும் விரல் வேண்டாம். தடித்த தோல் கையுறை போடுங்கள், அல்லது சைக்கிள் டியூப் மாட்டிய குச்சியால் தட்டுங்கள். மகள் புரொப்பெல்லருக்குப் பின்னால் நிற்கட்டும், பக்கவாட்டில் கூடாது. தட்டும்போது கல்போல் முட்டி நின்றால் மேலே எரிபொருள் தேங்கியிருக்கிறது. பலவந்தம் செய்யாமல் திருகைத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து வடியுங்கள். பற்றிக்கொண்டு கையைப் பின்னுக்கு உதைத்தால் அழுத்தம் அதிகம். ‘புஸ்’ என்று புகைவிட்டு அடங்கினால் அழுத்தம் போதாது. கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். விட்ட சொட்டு தீர்ந்ததும் நின்றுபோனால் நீடில் துளை அடைப்பு, இல்லையேல் எரிபொருள் டியூப்பில் காற்றுக்குமிழி. ஓடத் தொடங்கி சூடானதும் முனகிக்கொண்டு கறுத்த எண்ணெயைக் கக்கினால் திருகைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்; சத்தம் சீராகிவிடும்.

இதைப் படிப்பவர்களில் பிளக் வைத்த க்ளோ எஞ்சின் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். அதன் எரிபொருள் மெத்தனால். தமிழ்நாட்டில் 1959 முதலே அதற்குத் தனி விதிகளும் உரிமமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது அதே மெத்தனால்தான். பொழுதுபோக்குக்காக அதைப் பாட்டிலில் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள்; முறையான உரிமம் உள்ள இடம் வழியாக மட்டும் செல்லுங்கள்.

பறக்கவிடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, மகள் கேட்பாள். விமான நிலையமும் துப்பாக்கித் தொழிற்சாலையும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ரேடியோ விமானம் என்றால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து, அனுமதி உள்ள இடத்தில் மட்டுமே. டவுன்ஷிப் மைதானத்தில் வேண்டாம்.

ஓட்டி முடித்த அன்றே மீதி எரிபொருளை வடித்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுப் பத்துச் சுற்று சுற்றி, பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். பாலிதீன் பையில் வியர்த்துத் துரு பிடிக்கும். உங்கள் அப்பா துணியில் சுற்றித்தான் வைத்திருந்தார், அதனால்தான் உங்கள் எஞ்சின் பிழைத்திருக்கிறது.